கரித்துகளின் வாரிசு

சிறிய ஆகாய விமானமொன்றின் முகப்புப் பலகையின் அடியில் குனிந்து பார்ப்பவர், விமானி தம் ஹெட்செட்டைச் சொருகுவதற்கென்று அருகருகே அமைந்த இரண்டு துவாரங்களைக் காண்பார். பார்வைக்கு இரட்டையர்போல் தோன்றினும் அவை அளவில் ஒன்றல்ல. காதுக்குச் செல்லும் ஒலிக்குரிய பிளக்கின் தண்டு 6.35 மில்லிமீட்டர் விட்டமுடையது. வாயிலிருந்து புறப்படும் குரலுக்குரியதோ 5.2 மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. ஆகையால் இருட்டிலும் அவசரத்திலும் தடித்ததை மெல்லியதன் துவாரத்தில் ஒருவர் நுழைத்துவிட முடியாது. தேசப்படமும் மேகக் கூட்டமும் வர்ணத் திரையில் நகரும் இக்காலத்து விமானத்திலுங்கூட, இவ்விரு துவாரங்களும் இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் பி.எல். 55 என்றும் பி.எல். 68 என்றும் எண்ணிட்டு வழங்கிய பிளக்குகளின் அளவிலேயே இன்றும் செய்யப்படுகின்றன. அவற்றுள் பெரியதன் பூர்வீகம் அதற்கும் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் டெலிபோன் நிலையங்களில் ஒரு சந்தாதாரரை மற்றொருவரோடு இணைப்பதற்காகப் பலகையில் சொருகப்பட்ட கால் அங்குலப் பிளக்கின் நேர் வம்சம் அது.

பழைய ஹெட்செட் ஒன்றைச் செப்பனிட்டுப் புதிய விமானத்தில் பயன்படுத்த முனைகிறவர், இவ்வாறு தாம் அறியாமலே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறார். ஆகாய விமானத்தில் இறக்கையின் பொருள் மாறியது, எஞ்சின் மாறியது, திசை காட்டும் முறை அடியோடு மாறியது. மனிதன் மனிதனோடு பேசும் வழி மட்டும் தன் பழைய விதிகளை விடாமல் காத்து வந்திருக்கிறது. அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தவருக்கே செப்பனிடும் வேலையும் எளிதாகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்பத்தில் மின்சாரமே இல்லை. 1917இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள காஸ்போர்ட் என்ற ஊரில் விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளியை நடத்திய ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற ராணுவ அதிகாரி, ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்தில் முன்னும் பின்னுமாக அமர்ந்திருந்தும் காற்றின் இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாமையால் பாடமே நடைபெறவில்லை என்பதைக் கண்டு, வளையும் குழாய் ஒன்றின் ஒரு முனையில் வாய்ப்புனலையும் மறுமுனையில் தலைக்குல்லாயின் காதோரங்களையும் இணைத்துப் பேசும் முறையைப் புகுத்தினார். காஸ்போர்ட் குழாய் என்று பெயர் பெற்ற அந்தச் சாதனம், மிக எளியதாயிருந்தும், பயிற்சி முறையையே மாற்றிவிட்டது. பிழை நேர்ந்த கணத்திலேயே திருத்தம் காதில் விழுந்தது. பிற்காலத்தில் டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்திலும் அவ்வகைக் குழாயே இருந்தது. இரண்டாம் யுத்த காலத்தில் ஹைதராபாத்தை அடுத்த பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நம் நாட்டு இளைஞர்கள் பறக்கக் கற்றது அந்த டைகர் மாத்தில்தான்.

தரையோடு பேசுவதற்குக் குழாய் உதவாதல்லவா? அதற்கு ரேடியோ வேண்டியிருந்தது. ரேடியோவுக்குச் செவி வேண்டியிருந்தது. அந்தச் செவியைச் செய்தவர் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின். ஒலியைப் பெருக்கும் வால்வு கைக்கு எட்டாதிருந்த 1910ஆம் ஆண்டில், மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் கேட்கத்தக்க சப்தமாக்கும் ஹெட்போன்களை அவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே கையால் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்த கடற்படை உத்தியோகஸ்தர்கள் அதன் நுட்பத்தைக் கண்டு வியந்தனர். தலையில் அணிவது மட்டும் அசௌகரியமாயிருக்கிறது என்றார்கள். அதற்கு அவர், தோலால் மூடிய இரண்டு கம்பிகளைத் தலைக்குமேல் வளைத்து, அவற்றின்மீது செவிக்கூடுகள் ஏறியிறங்கித் தலையின் அளவுக்குத் தக்கபடி நிற்குமாறு அமைத்தார். அது அற்பமான மாற்றம் என்று கருதி, அதற்கு உரிமைப் பத்திரம்கூட அவர் பெறவில்லை. தலைப்பட்டையின் மீது செவிக்கூட்டை நகர்த்தித் தமக்கேற்ப இருத்திக்கொள்ளும் விமானி ஒவ்வொருவரும் இன்றும் அந்த அற்பமான மாற்றத்தின் பயனை அனுபவிக்கிறார்.

வாயின் கதை வேறு. 1870களின் இறுதியில் எடிசன், ஹியூஸ், ஹன்னிங்ஸ் முதலியோரின் முயற்சிகளால் உருவான கார்பன் மைக்ரோபோன்தான் அதன் மூலபுருஷன். மெல்லிய தகடொன்றுக்கும் அதன் பின்னுள்ள மின்முனைக்கும் இடையே கரித்துகள்களை நிரப்பி, அவற்றினூடே பேட்டரியின் மின்னோட்டத்தைச் செலுத்தினால், பேசுவோரின் குரல் தகட்டை அழுத்தும்போது துகள்கள் நெருங்கி மின்தடை குறையும், விடும்போது விலகித் தடை ஏறும். இவ்விதம் குரலின் ஏற்றத்தாழ்வெல்லாம் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வாகிவிடும். இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரித்துகள் தானாக மின்சாரத்தைப் பிறப்பிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைக் குரலுக்கேற்ப அடக்கியும் அவிழ்த்தும் விடுகிறது. ஆகையால் குரலின் சொந்தச் சக்தியைவிடப் பன்மடங்கு பெரிய மின்குறி அதிலிருந்து கிடைத்தது. பெருக்கும் கருவி எதுவுமற்ற அக்காலத்தில் இது பெரும் வரப்பிரசாதம். ஆனால் மைக்ரோபோனுக்கு மின்சாரம் ஊட்டும் கடமை, அது சொருகப்படும் ரேடியோவின் தலையில் விழுந்தது. பின்னால் நடந்தவை அனைத்துக்கும் இந்தக் கடமையே காரணம்.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜேம்ஸ் மக்கர்டி என்ற கானடா தேசத்தவர் நியூயார்க்கில் பறந்துகொண்டே தரைக்குச் செய்தி அனுப்பியபோது அது தந்திக் குறிகளாகவே சென்றது. பேச்சு சிறிது காலம் கழித்துத்தான் வந்தது. முதல் யுத்தத்தின்போது இங்கிலாந்தில் ப்ரூக்லண்ட்ஸ் விமானத் தளத்தில் மேஜர் பிரின்ஸ் என்பவரின் குழுவினரும், 1917இல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்களும் குரலை வானத்தில் ஏற்றினார்கள். அவர்களுக்கு ரேடியோ அலையைவிட எஞ்சினின் ஆரவாரமே பெரும் பகையாக நின்றது. செவிக்கருவியைத் தலைக்குல்லாயினுள் புதைத்துத் தைத்ததும், எஞ்சின் சப்தத்துக்கு இசையாமல் வாயருகே எழும் குரலுக்கு மட்டும் இசையும் மைக்ரோபோனைத் தேடியதும் அப்போது தொடங்கியவையே.

இரண்டாம் யுத்தத்தில் இந்தத் தேடல் விநோதமான வழிகளில் சென்றது. அமெரிக்க விமானிகளுக்கு வழங்கப்பட்ட டி-30 என்ற கருவி கழுத்தில் கட்டிக்கொள்வது. இரண்டு கார்பன் வில்லைகள் தொண்டையின் இருபுறமும் பதிந்து, காற்றின் வழியாக அன்றி உடலின் அதிர்வின் வழியாகவே குரலைப் பெற்றன. கைகளுக்கு ஓய்வு கிடைத்தது, வெளி இரைச்சலும் நுழையவில்லை. ஆனால் சொற்கள் தெளிவிழந்தன. தொண்டையில் எழும் ஒலி, பல்லிலும் உதட்டிலும் நாவிலும் மோதித்தான் எழுத்தாகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலில் கற்றிருக்கும் தமிழர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. உயிரொலிகள் தொண்டையிலேயே அகப்பட்டன, மெய்யொலிகளிற் பல அகப்படாமலே போயின. அதனால் டி-45 என்று மேலுதட்டின்மீது அமரும் மைக்ரோபோன் ஒன்றும் அந்த ராணுவத்தில் வந்தது. அதன் தகட்டுக்கு முன்னும் பின்னும் துவாரங்கள் இருந்தமையால், தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இருபுறமும் சமமாக அழுத்தித் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. உதட்டை ஒட்டி எழும் குரல் மட்டும் ஒருபுறத்தை மிகுதியாக அழுத்தி வெளியேறியது. இன்றைய ஹெட்செட்டில் கம்பியின் நுனியில் நிற்கும் மைக் இதே தத்துவத்தால்தான் இயங்குகிறது. அதை உதட்டிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் வைத்துப் பேசவேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். விலக்கி வைத்தால் குரலும் இரைச்சலோடு சேர்ந்து அழிந்துபோகும்.

அந்த யுத்தத்தின் செவிக்கருவிகளுள் எச்.எஸ். 33 என்பது விசேஷமானது. தோற்பட்டையும் வட்ட மெத்தைகளும் கொண்ட அதன் இரு செவிகளும் சேர்ந்து 600 ஓம் மின்னெதிர்ப்பு உடையவை. யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய சாமான்கள் பொதுமக்களுக்கு மலிந்த விலைக்கு வந்தன. சிவில் விமானங்களும் அந்தப் பிளக்குகளையும் அந்த மின்னளவையும் அந்தக் கார்பன் மைக்கையும் தம் வழக்கமாகவே வரித்துக்கொண்டன. ராணுவமோ அவ்விடத்தில் நிற்கவில்லை. சில ஓம்களே எதிர்ப்புள்ள செவிகளையும், ஐந்து ஓம் அளவுள்ள காந்தச் சுருள் மைக்கையும், நான்கு தொடர்புகள் கொண்ட யு-174 என்ற ஒற்றைப் பிளக்கையும் அது ஏற்றுக்கொண்டது. இதன் விளைவு கருதத்தக்கது. 1940களின் எச்.எஸ். 33இன் செவிகள் இன்றைய சிறு விமானத்தில் சொருகிய மாத்திரத்தில் பேசும். அதற்குப் பல ஆண்டுகள் பின்னால் பிறந்த ராணுவ ஹெலிகாப்டரின் ஹெட்செட் பேசாது. கிழடு என்பதைக் கொண்டு ஒரு கருவியின் தகுதியை எடைபோடலாகாது. அது எந்த மரபில் பிறந்தது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

இதனிடையே சிவில் விமானிகளில் பெரும்பாலோர் ஹெட்செட்டையே மறந்திருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல்லாண்டுகள் சிறு விமானங்களில் கூரையில் பதித்த ஒலிபெருக்கியும் கையில் பிடிக்கும் மைக்குமே வழக்கம். தொண்ணூறு டெசிபல் அளவிலும் அதற்கு மேலும் இரைச்சல் நிறைந்த அறையில் மணிக்கணக்காக அமர்ந்திருந்து, முதுமையில் செவித்திறனை இழந்த விமானிகள் பலர். மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வூஸ்டர் நகரில் 1935இல் பின்னலாடை உற்பத்தியாளராகத் தொழில் தொடங்கி, யுத்தத்தில் போர் விமானிகளின் உடலை இறுக்கிக் காக்கும் உடைகளையும் பின்னர் ஜெமினி விண்வெளி வீரர்களின் உடைகளையும் தைத்த டேவிட் கிளார்க் நிறுவனம், ஜெட் விமானங்களருகே தரையில் உழைப்போருக்காகச் செய்த செவிக்காப்பின் அனுபவத்தைக் கொண்டு, 1975இல் இரைச்சலைத் தடுக்கும் ஹெட்செட்டைச் சிறு விமானிகளுக்குக் கொணர்ந்தது. பச்சை நிறக் கூடுகளுடைய அந்தக் கருவி உலகின் விமானத் தளங்களிலெல்லாம் இன்றும் காணப்படுகிறது. செப்பனிட வருபவற்றில் பெரும்பங்கு அவ்வகையே. திருகுகளைக் கழற்றினால் பாகம் பாகமாகப் பிரியும் வண்ணம் அது கட்டப்பட்டிருப்பது, அதைச் செய்தவர்கள் பின்வரும் தலைமுறையை எண்ணியே செய்தார்கள் என்ற மதிப்பை என்னுள் எழுப்புகிறது.

அத்தகைய பழைய கருவி கைக்கு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது காது மெத்தையை. அதன் உள்ளீடான நுரைப்பஞ்சு ஆண்டுகள் செல்லச்செல்லக் காற்றின் ஈரத்தால் சிதைந்து பிசுபிசுத்த பொடியாகும். மேலுறை விறைத்து வெடிக்கும். மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் எஞ்சினின் தாழ்ந்த ஓசை அதன் வழியே புகுந்துவிடும். எவ்வளவு கனமான கூடாயினும் பிறகு பயனில்லை. மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பும் இதே தீங்கைச் செய்யும். மெத்தையை மாற்றுவதும், கூட்டினுள் உதிர்ந்த நுரையைச் சுரண்டித் துடைத்துப் புதியதை வைப்பதும் எளிய வேலைகள். எனினும் இவ்விரண்டாலேயே பாதிக் குறை தீர்ந்துவிடுவதுண்டு. அடுத்தது ஒயர். அது கூட்டினுள் நுழையும் இடத்திலும் பிளக்கை விட்டு வெளிவரும் இடத்திலுமே, ஓயாத வளைவால், மேலுறை முழுதாயிருக்க உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். அசைக்கும்போது கரகரவென்ற சப்தம் வந்தால் அந்த இடத்தை வெட்டியெறிந்து புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைப்பதே முறை. பிளக்கின் பித்தளையில் படிந்த களிம்பைத் துடைக்காமல் மைக்கைக் குறைகூறுவது பரவலாகக் காணும் அவசரம்.

உண்மையான வித்தை மைக்கில்தான் இருக்கிறது. கரித்துகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஈரத்தாலும் அதிர்வாலும் அது கட்டிக்கொண்டு ஊமையாகிவிடும். அக்காலத்து விமானிகள் மைக்கை உள்ளங்கையில் தட்டி உதிர்த்துவிட்டுப் பேசுவார்கள். அதன் இடத்தைப் பிடித்தது, 1962இல் பெல் ஆராய்ச்சிசாலையில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கண்டுபிடித்த எலெக்ட்ரெட் மைக்ரோபோன். அது தெளிவானது, இலேசானது, மலிவானது. ஆனால் அதன் மின்குறி கரித்துகளுடையதைப்போல் வலியதன்று. உலகமெங்கும் பறந்துகொண்டிருந்த விமானங்களின் ரேடியோக்களையெல்லாம் மாற்றுவது நடவாத காரியமாகையால், பொறியாளர்கள் மைக்கையே மாற்றினார்கள். கரித்துகளுக்கு ஊட்டுவதற்காக ரேடியோ ஏற்கெனவே சில நூறு ஓம் தடையின் வழியாக 8 முதல் 16 வோல்ட் வரை அளித்துக்கொண்டிருந்ததல்லவா? அதே இரண்டு கம்பிகளில் வரும் அதே மின்சாரத்தைக் கொண்டு ஒரு சிறு டிரான்சிஸ்டர் பெருக்கியை இயக்கி, எலெக்ட்ரெட்டின் குரலைக் கரித்துகளின் அளவுக்கு உயர்த்தி, அதே கம்பிகளிலேயே திருப்பி அனுப்பினார்கள். ரேடியோ தன்முன் இருப்பது கரித்துகள் என்றே கருதிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரே ஆளும் இன்றைய விமானமும் மைக்கின் துவாரத்தில் அந்தப் பழைய மின்சாரத்தை ஊட்டியபடி நிற்பதன் ரகசியம் இதுவே.

ஆகவே கார்பன் மைக் கொண்ட பழைய ஹெட்செட்டுக்கு மருத்துவம் எளிது: பெருக்கியோடு கூடிய எலெக்ட்ரெட் வில்லையை அதனிடத்தில் வைத்தால் போதும். ராணுவத்தின் காந்தச் சுருள் மைக்கோ கரித்துகள் தரும் மின்குறியில் மிகச் சிறு பின்னமே தரும். அப்படியே இணைத்தால் தரைக்கு முணுமுணுப்புக்கூடப் போய்ச் சேராது. அதற்கும் பெருக்கி இடவேண்டும், அல்லது மைக்கையே நீக்கிப் புதியதைப் பொருத்தவேண்டும். செவிகளையும் விட்டுவிடக்கூடாது. எட்டு ஓம் செவியை 600 ஓமுக்கென்று அமைந்த ரேடியோவில் சொருகினால், அது மின்குறியையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டு தானும் மெல்லிதாய்ப் பேசி, பக்கத்தில் அமர்ந்தவருடைய செவியையும் மந்தமாக்கிவிடும். கூட்டினுள் சிறு டிரான்ஸ்பார்மர் வைப்பதோ செவியையே மாற்றுவதோ இதற்குப் பரிகாரம். இன்னொரு நுட்பமும் உண்டு. இக்காலத்து விமானங்கள் இரு காதுக்கும் தனித்தனி ஒலி தருபவை. அவற்றில் பழைய ஒற்றை ஒலிப் பிளக்கைச் சொருகினால், அதன் உடற்பகுதி ஒரு காதின் ஒலிப்பாதையைத் தரையோடு இணைத்து அடைத்துவிடும். மூன்று தொடர்புள்ள பிளக்கை இட்டு, நடுத்தொடர்பை வெறுமே விட்டுவிட்டால் தீங்கில்லை.

இத்தனையும் செய்து பழையதை உயிர்ப்பிக்க வேண்டுமா, ஒலியின் தரம் போதுமா என்று கேட்பாருண்டு. விமானப் பேச்சு இன்றும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், யுத்தகாலத்து முறையான ஏ.எம். பண்பேற்றத்திலேயே செல்கிறது, டெலிபோனுக்குரிய குறுகிய சுருதி எல்லையே அதற்குப் போதுமானது. சங்கீதம் கேட்பதற்குரிய செவி அங்கே தேவையில்லை. இரைச்சலை ஒலியாலேயே அழிக்கும் புதிய கலை மட்டும் பழைய கருவியில் இல்லாத பேறு. 1936இல் பால் லூக் என்ற ஜெர்மானியர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதை விமானியின் காதுக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அரசியல் காரணமாக அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த நோனி கோபால் போஸின் புதல்வர் இவர். யுத்தகாலத்தில் குடும்பத்தின் வருமானம் குன்றியபோது, பள்ளிச் சிறுவராயிருந்த அவர் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ரேடியோக்களையும் விளையாட்டு ரயில்களையும் பழுதுபார்த்து வீட்டுக்கு உதவினார் என்பதை, செப்பனிடுவதைப் பற்றிய இந்தக் கட்டுரையில் குறிப்பிடாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை. 1978இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில் எழுந்த எண்ணத்தைக் கணக்காக்கி வளர்த்து, 1986இல் வாயேஜர் விமானம் நடுவில் இறங்காமல் ஒன்பது நாட்களில் பூமியைச் சுற்றியபோது அதன் விமானிகள் இருவரின் செவியையும் அவர் காத்தார். 1989இல் அது விற்பனைக்கு வந்தது. பழைய கூட்டினுள்ளேயே இந்தக் கலையைப் புகுத்தும் உதிரிச் சாதனங்களும் பின்னர் கிடைத்தன. ஆனால் அது தாழ்ந்த சுருதியை மட்டுமே அழிக்கும். உயர்ந்த சுருதியைத் தடுப்பதற்குக் கூடும் மெத்தையுமே வேண்டும்.

பெரிய விமானங்களில் வேறு ஏற்பாடு உண்டு. ஏர்பஸ் விமானத்தில் ஐந்து முனையுள்ள ஒற்றைப் பிளக்கும், சில சிறு விமானங்களில் விமானத்திலிருந்தே மின்சாரம் பெறும் ஆறு முனைப் பிளக்கும் வழங்குகின்றன. இடையிணைப்பு ஒயர் கொண்டு அவற்றோடும் பழையதைச் சேர்க்கலாம். சேர்த்தபின் சோதனை தரையில் தொடங்கவேண்டும். பொத்தானை அழுத்திப் பேசும்போது தன் குரல் தன் காதில் திரும்பி ஒலிக்கிறதா என்பது முதற் சோதனை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்து, ஒன்று முதல் ஐந்து வரை தெளிவைக் கணிக்கும் அளவையில் தம் குரலுக்கு எத்தனை என்று கேட்டறிவது இரண்டாவது. இரண்டிலும் தேறிய பின்பும், எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கிவைத்து மூன்றாம் முறை பேசிப் பார்க்கவேண்டும். அமைதியில் ஐந்து என்று மதிப்புப் பெற்ற மைக், பின்துவாரம் அடைபட்டிருந்தாலோ முன்பின்னாக மாட்டப்பட்டிருந்தாலோ, அந்த ஆரவாரத்தில் இரண்டுக்கு இறங்கிவிடும். அப்போது கம்பியின் நுனியிலுள்ள பஞ்சுறையைக் கழற்றி, பேசும் பக்கம் உதட்டை நோக்கியிருக்கும்படி மைக்கைத் திருப்பி மாட்டி, மறுபடியும் பேசிப் பார்க்கவேண்டும்.